துருக்கியிலிருந்து மூங்கில் கழி வரை: துவாலையின் மென்மை வந்த வழி

புதிதாக வாங்கிய துவாலை முதல் வாரத்தில் முகத்துக்கு இதமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் அதே துவாலை அப்பளம்போல் விறைத்து நிற்கிறது. இது ஏன்? வீட்டில் இந்தக் கேள்வி எழும்போது குற்றம் பெரும்பாலும் கடைக்காரர்மீது விழும், இல்லையென்றால் சலவைத் தூளின்மீது. சிலர் உடனே கடைக்குப் போய், வாசனை திரவம் நிறைந்த பெரிய போத்தல் ஒன்றை வாங்கி வந்துவிடுவார்கள். அந்தப் போத்தல் துவாலையைக் கெடுக்கவும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

விடை சலவை அறையில் தொடங்கவில்லை. அது ஒரு நெசவின் வரலாற்றில் தொடங்குகிறது. தண்ணீரின் வரலாறும், துணி துவைத்த மனிதர்களின் வரலாறும் அதனோடு சேர்ந்து வருகின்றன. கடைசியாகச் சொன்னதில் நம்மவர்களின் பங்கு பெரிது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் குறைவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் வீடுகளில் 'துவாலை' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'துவாலா' என்கிறார்கள். இரண்டுமே போர்த்துகீசியரின் 'தொவால்யா' என்ற சொல்லிலிருந்து வந்தவை. 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர்கள்தான் தமிழகக் கரையிலும் வணிகம் செய்தார்கள். சாவி, அலமாரி, சன்னல் ஆகிய சொற்களோடு துவாலையும் அவர்கள் கப்பலில் இருந்து இறங்கியது. அதற்கு முன் தமிழர் உடல் துவட்டவில்லையா என்று கேட்கக்கூடாது. துண்டு இருந்தது. ஈரிழைத் துண்டு இன்றும் இருக்கிறது. அது தட்டையான துணி. துவைக்கத் துவைக்க நெகிழ்ந்து மென்மையாகும் இயல்புடையது. இன்று நாம் துவாலை என்று சொல்லும் புசுபுசுப்பான துணியோ வேறொரு பிறவி. அதன் குணமும் வேறு.

பூர்சாவின் கண்ணிகள்

அந்தப் பிறவி துருக்கியில் நடந்தது. உதுமானியப் பேரரசில் 'ஹமாம்' எனப்படும் பொதுக் குளியல் இல்லங்கள் சமூக வாழ்வின் நடுவே இருந்தன. நீராவியில் நெடுநேரம் அமர்ந்து, உடல் தேய்த்து, குளித்து வெளியே வருவது அங்கே ஒரு சடங்கு போன்றது. திருமணத்துக்கு முன் மணப்பெண்ணை ஹமாமுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் இருந்தது. தொடக்கத்தில் 'பெஷ்தமால்' என்ற தட்டையான துணிதான் இடுப்பில் கட்டவும் துவட்டவும் பயன்பட்டது. பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பெயர்பெற்ற பூர்சா நகரத்தில்தான் துணியின் மேற்பரப்பில் நூலைக் கண்ணி கண்ணியாக எழுப்பி நெய்யும் முறை வளர்ந்தது. துருக்கி மொழியில் துவாலைக்கு 'ஹவ்லு' என்று பெயர். 'ஹவ்' என்றால் துணியின்மேல் எழுந்து நிற்கும் மயிர் போன்ற பரப்பு. பெயரிலேயே மென்மையின் இரகசியம் இருக்கிறது.

இந்தத் துணியை மேற்கு நாடுகளுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஹென்றி கிரிஸ்டி (1810–1865). தொப்பித் தயாரிப்பிலும் வங்கித் தொழிலிலும் ஈடுபட்ட ஆங்கிலேயக் குவேக்கர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் வணிகத்தைவிட மனித இன ஆய்வில் அதிக நாட்டம் கொண்டு, பிரான்ஸ் நாட்டுக் குகைகளில் எடுவார்ட் லார்டே என்ற அறிஞரோடு சேர்ந்து அகழாய்வு செய்தார். அவர் சேர்த்த பொருள்கள் அவர் இறந்தபின் பிரிட்டிஷ் அரும்பொருளகத்துக்குச் சென்றன. அப்படி எதையும் கூர்ந்து பார்க்கும் மனிதரின் கண்ணில் துருக்கியின் கண்ணித் துணி பட்டதில் வியப்பில்லை. மாதிரி இங்கிலாந்துக்கு வந்தது. மான்செஸ்டருக்கு அருகிலிருந்த குடும்ப ஆலையில் சாமுவேல் ஹோல்ட் என்ற தொழிலாளி, கையால் மட்டுமே நெய்ய முடிந்த அந்தக் கண்ணிகளை இயந்திரத் தறியில் எழுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். 1851இல் இலண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்தத் துவாலை பார்வைக்கு வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரே அதை விரும்பி வாங்கினார் என்று நிறுவனம் பின்னாளில் பெருமையோடு சொல்லிக்கொண்டது. 'ராயல் டர்க்கிஷ்' என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. துருக்கியின் பெயர் இருந்தது. வருமானம் மான்செஸ்டருக்குப் போனது.

நெசவைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் சலவையின் பாதி இரகசியம் விளங்கிவிடும். சாதாரணத் துணிக்கு ஒரு பாவு போதும். டெர்ரி துவாலைக்கு இரண்டு பாவு வேண்டும். ஒன்று இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டது. துணியின் உடல் அது. மற்றது தளர்வாக விடப்பட்டது. கண்ணி ஆகப் போவது அது. நெசவாளி முதல் இரண்டு ஊடை இழைகளைத் துணியின் விளிம்போடு ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டு நிறுத்துகிறார். மூன்றாவது ஊடை விழுந்ததும் பண்ணை மூன்றையும் சேர்த்து முன்னே தள்ளி அடிக்கிறது. இறுக்கமான பாவு அசையாது. தளர்ந்த பாவு போக இடமின்றி மேலும் கீழும் வளைந்து கண்ணியாக எழுகிறது. இதையே ஆயிரக்கணக்கான தடவை செய்தால் ஒரு துவாலை.

அந்தக் கண்ணிகளுக்கு நூலை அதிகம் முறுக்காமல் விடுவார்கள். முறுக்கு குறைந்தால் இழைகளுக்கு இடையே காற்று இருக்கும், தண்ணீர் ஏறும், கைக்கு மெதுவாகப் படும். நாம் 'மென்மை' என்று சொல்வது உண்மையில் கண்ணிகள் தனித்தனியாக, நிமிர்ந்து நிற்கும் நிலை. கண்ணிகள் படுத்துவிட்டாலோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ துவாலை முரடாகிவிடும். பஞ்சு கெட்டுப்போவதால் வரும் முரட்டுத்தன்மை பழைய துவாலைகளில் உண்டு. ஆறு மாதத் துவாலையில் நடப்பது பெரும்பாலும் ஒட்டிக்கொள்வதுதான்.

கஞ்சி போட்ட நாகரிகம்

இங்கே ஒரு சுவையான முரண்பாடு இருக்கிறது. தமிழரின் சலவை மரபு மென்மையை நாடியதே இல்லை. அது விறைப்பை நாடியது. சங்க இலக்கியத்தில் துணி வெளுக்கும் பெண்ணுக்குப் 'புலைத்தி' என்று பெயர். ஊர்ப் பொய்கையில் அவள் பசை தோய்த்த துணியை அடித்து அலசுவதைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று காட்டுகிறது. தண்ணீரில் முறுக்கு அவிழாமல் கிடக்கும் அந்தத் துணி பகன்றைப் பூவுக்கு உவமையாகிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கஞ்சி போட்ட உடுப்பு மதிப்புக்கு அடையாளம். இன்றும் பொங்கலுக்குக் கட்டும் வேட்டி மொடமொடவென்று இருந்தால்தான் மனம் நிறைகிறது.

அந்த மரபின் நடுவே இருந்தது வெள்ளாவி. உவர்மண் கரைத்த நீரில் அழுக்குத் துணிகளை ஊறவைத்து, கொதிக்கும் பானைகளின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடியற்காலையில் துறைக்குச் சுமந்து சென்று கல்லில் அடித்து அலசுவார்கள். உவர்மண்ணில் இருக்கும் காரம் அழுக்கிலுள்ள எண்ணெயை ஏறத்தாழச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். ஆவியின் வெப்பம் கிருமிகளைக் கொல்லும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் செய்த வேதியியல் அது. எந்தத் துணி எந்த வீட்டினுடையது என்று தெரிய சேங்கொட்டைச் சாற்றால் ஒரு புள்ளியும் ஒரு கோடுமாகக் குறி போட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளின் துணிகளை ஏடு எதுவும் இல்லாமல் பிரித்துக் கொடுத்த கணக்கு முறை அது.

இந்த அறிவோடுதான் அவர்கள் கடல் கடந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் குடியேறிய இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த திறந்த வெளிகளில் காயப்போட்டார்கள். 'தோபி காட்' என்ற பெயர் அப்படி வந்தது. தமிழர்கள் 'வண்ணான் தெரு' என்றார்கள். ஓடை பின்னர் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. 1987 டிசம்பரில் அங்கே பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது துவைப்பவர் எவரும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் ஒரு தோபி காட் உண்டு. அதைத் தமிழர்கள் 'வண்ணாந்துறை' என்றே அழைத்து வந்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைகளின் வீடுகள், கப்பல்கள், மருத்துவமனைகள், பினாங்கின் ஈ அண்ட் ஓ (1885), சிங்கப்பூரின் ராபிள்ஸ் (1887) போன்ற பெரிய தங்கும் விடுதிகள் என்று துணி மலைபோல் குவிந்த காலம் அது. இந்த மனிதர்களின் கைகள் இல்லையென்றால் காலனி ஆட்சியின் வெள்ளுடுப்பு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? வெப்ப நாடுகளில் தொடையிடுக்கில் வரும் படைநோய்க்கு ஆங்கிலேயர்கள் 'தோபி அரிப்பு' என்று பெயர் வைத்தார்கள். துணி வெளுப்பவர்தான் நோயைப் பரப்புகிறார் என்பது அந்தப் பெயரின் உட்பொருள். அது ஒரு பூஞ்சை நோய். கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தப் பூஞ்சையைப் பற்றி எழுதினார். வியர்வையும் ஈரமும் இறுக்கமான உடையும் சேரும் இடத்தில் அது வளரும். மற்றவர் பயன்படுத்திய துவாலையால் தொற்றவும் கூடும். இரவெல்லாம் ஆவியில் வெந்த துணியைவிட, சரியாகக் காயாத துவாலையை வீட்டார் பகிர்ந்துகொண்டதில்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் பெயர் தோபியின் தலையில் விழுந்தது. மருத்துவ நூல்களிலும் நெடுங்காலம் நின்றது. சேங்கொட்டைக் குறி சிலருக்குத் தோல் அழற்சி தந்தது உண்மைதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் அதைக் கண்ட மருத்துவர்கள் 1943இல் பதிவு செய்தார்கள். ஒரு குற்றத்தில் உண்மை இருந்தது என்பதற்காக மற்றதும் உண்மையாகிவிடாது.

துவாலையைப் பொறுத்தவரை கல்லில் அடிக்கும் முறைக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. அடிக்கும்போதும் உதறும்போதும் ஒட்டிய கண்ணிகள் பிரியும். அதே அடியில் இழைகள் அறுந்து துணி சீக்கிரம் நைந்து போகும். நம் நாடுகளில் வேலைசெய்யும் மக்கள் தேர்ந்தெடுத்த துவாலை எது என்று பார்த்தால் அவர்களின் புத்திசாலித்தனம் தெரியும். சீனாவிலிருந்து வந்த 'குட் மார்னிங்' துவாலை அது. வெள்ளைத் துணி, ஓரத்தில் கோடு, சிவப்பு எழுத்தில் காலை வணக்கம். கோப்பிக்கடை ஊழியர், ரிக்‌ஷாக்காரர், லாரி ஓட்டுநர், கட்டுமானத் தொழிலாளி என்று எல்லார் கழுத்திலும் அது தொங்கியது. மெல்லியது, மலிவானது, எளிதில் பிழியக்கூடியது. காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில் அரைமணி வெயில் கிடைத்தாலே காய்ந்துவிடும். தடித்த துவாலைதான் உயர்ந்தது என்ற எண்ணம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. நம் தட்பவெப்பத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது.

தண்ணீரும் சவர்க்காரமும்

சவர்க்காரத்துக்கு ஒரு பகை உண்டு: கடின நீர். நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமிருந்தால் சவர்க்காரம் அவற்றோடு கூடிக் கரையாத பசையாகிவிடும். குளியலறைச் சுவரில் படியும் சாம்பல் நிறக் கறை அதுதான். கண்ணிகளுக்குள் அது படிந்தால் துவாலை பழுப்பாகும், விறைக்கும், தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். சுண்ணாம்பு நிலத்தின்மேல் வாழும் இலண்டன்வாசிகளுக்கு இது தீராத தொல்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற வேதியியலாளர் 1841இலேயே கடின நீரை மென்னீராக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மான்செஸ்டருக்கோ 1894 முதல் தெர்ல்மியர் ஏரியிலிருந்து மென்னீர் குழாயில் வந்தது. மலேசியாவில் பெரும்பாலான ஆற்று நீர் மென்மையானது. ஈப்போ, பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக் குன்று வட்டாரங்களின் கிணற்று நீரில் மட்டும் கடினம் கூடும். ஆகவே நம் வீட்டுத் துவாலை விறைப்பதற்குத் தண்ணீரைக் குறைசொல்ல முடியாத குடும்பங்களே அதிகம்.

முதல் உலகப் போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது சவர்க்காரம் இல்லாமல் துவைக்கும் செயற்கைப் பொருளைத் தேடினார்கள். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1946இல் அமெரிக்காவில் 'டைட்' தூளாகக் கடைக்கு வந்தது. கடின நீரிலும் அழுக்கு போயிற்று, பசை படியவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழைய சவர்க்காரம் துணியில் கொஞ்சம் கொழுப்பை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அதுவே தொடுவதற்கு மென்மையாகத் தோன்றியது. புதிய தூள் எல்லாவற்றையும் துடைத்தெடுத்தது. துணி சுத்தமாயிற்று, முரடாகவும் ஆயிற்று. ஒரு பொருள் தீர்த்த பிரச்சினை இன்னொரு பொருளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது.

அந்த இன்னொரு பொருள்தான் துணி மென்மையாக்கி. ஆலைகளில் பருத்தித் துணிக்கு எண்ணெய்க் கலவை பூசும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. 1950களில் அது வீட்டுக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் 'டௌனி' போன்ற பெயர்களில் பரவியது. தொடக்கத்தில் இல்லத்தரசிகள் கடைசி அலசல் எப்போது வரும் என்று இயந்திரத்தின் அருகில் காத்திருந்து ஊற்ற வேண்டியிருந்தது. வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் புதிய காவல் வேலை கொடுத்தது. துவைக்கும் இயந்திரங்களின் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. 1937இல் பெண்டிக்ஸின் தானியங்கி இயந்திரமும், 1938இல் அமெரிக்காவில் ராஸ் மூரின் மின் உலர்த்தியும் விற்பனைக்கு வந்தன என்பது இங்கே போதும்.

மென்மையாக்கி வேலை செய்யும் விதம் எளிது. தண்ணீரில் பருத்தி இழை எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். மென்மையாக்கியின் மூலக்கூறுக்குத் தலையில் நேர்மின், வாலில் கொழுப்பு. தலை பருத்தியைப் பற்றிக்கொள்ளும். கொழுப்பு வால் வெளியே நீண்டு நிற்கும். ஆக, ஒவ்வோர் இழைக்கும் மெல்லிய கொழுப்புப் போர்வை. கைக்கு இதமாக இருக்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரை விரும்பாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துவாலையின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. ஒவ்வொரு சலவையிலும் போர்வை தடித்துக்கொண்டே போனால், பார்வைக்குப் பட்டுப்போல் இருக்கும் துவாலை முதுகில் தண்ணீரை இழுத்துப் பூசிவிட்டுப் போகும். இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. கண்ணியும் பஞ்சும் எழுந்து நிற்கும் துணிகளில் இந்தப் போர்வை தீப்பற்றும் தன்மையைக் கூட்டும். தீத்தடுப்பு செய்யப்பட்ட குழந்தைகளின் இரவு உடைகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை போத்தலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் பூவும் குழந்தையின் சிரிப்பும் பெரிதாக இருக்கும்.

ஆறுகளுக்கும் இதில் பங்கு உண்டு. நெடுங்காலம் பயன்பட்ட மென்மையாக்கிப் பொருள் நீரில் எளிதில் சிதையாது என்று தெரிந்ததால், 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டு, விரைவில் சிதையும் வேறொரு வகைக்கு மாறினார்கள். இந்தப் புதிய வகை மாட்டுக்கொழுப்பிலிருந்தும் செய்யப்படுகிறது, செம்பனையிலிருந்தும் செய்யப்படுகிறது. சலவைத் தூளில் உள்ள பல பொருள்களுக்கும் செம்பனை விதை எண்ணெய் மூலப்பொருள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றார். தோட்டத்தை உருவாக்கியவருக்குப் பரிசும் பெயரும் கிடைத்தன. மலாயாத் தோட்டங்களில் காடு வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களோ தோட்ட அலுவலகத்தின் சம்பளப் பேரேட்டோடு நின்றன. துறையில் துணி அடித்த கையும், தோட்டத்தில் குலை வெட்டிய கையும் ஒரே துவாலையின் இரண்டு முனையில் இருக்கின்றன.

ஒட்டவைப்பது எது?

மென்மையாக்கி இல்லாமல், தூளும் சரியாகப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசிய துவாலைகூடக் கயிற்றில் காயும்போது ஏன் விறைக்கிறது? ஜப்பானிய ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் இதற்கு விடை தேடினார்கள். காவோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, காய்ந்துவிட்டதாக நாம் நினைக்கும் துவாலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அது சாதாரணத் தண்ணீர்போல் ஓடாது. பருத்தி இழையின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, பக்கத்து இழையோடு பசைபோல் ஒட்டவைக்கிறது. விறைப்புக்கு அந்தக் கட்டுண்ட நீரே காரணம். மென்மையாக்கியின் வேலையும் வழவழப்பைக் கொடுப்பதைவிட இந்த ஒட்டுதலைத் தடுப்பதாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அப்படியானால் ஒட்டியதைக் கையால் பிரித்துவிட முடியும். காயப்போடும் முன் துவாலையின் இரண்டு முனையைப் பிடித்துப் 'பட் பட்' என்று உதறுவது பாட்டிமார் வழக்கம். படுத்த கண்ணிகள் எழுந்து நிற்கும். இழைகள் ஒன்றையொன்று ஒட்டும் வாய்ப்பு குறையும். பாதி காய்ந்ததும் ஒரு முறை, எடுக்கும்போது ஒரு முறை உதறினால் இன்னும் நல்லது. காற்று வீசும் இடத்தில் ஆடிக்கொண்டே காயும் துவாலை, அசைவில்லாத உச்சி வெயிலில் காய்ந்த துவாலையைவிட மெதுவாக இருப்பதும் இதனால்தான். வீவக அடுக்குமாடிகளின் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் கொடிபோல் பறந்த துவாலைகளுக்கு அந்த நன்மை இயல்பாகவே கிடைத்தது. மூடிய சலவை அறைக்குள் தொங்கும் இன்றைய துவாலைக்கு அது இல்லை.

அங்கே வேறொரு தொல்லையும் உண்டு. மெதுவாகக் காயும் துவாலையில் வரும் புளித்த வாடைக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிர் முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. அது சாதாரணச் சலவைக்கும் தப்பிப் பிழைக்கக்கூடியது. வாடையை வாசனைத் திரவத்தால் மூடலாம். உயிரியை மூட முடியாது. அதற்குச் சூடு வேண்டும், விரைவாகக் காயவும் வேண்டும். துணி தாங்குமானால் 60 பாகை செல்சியஸ் நீரில் அவ்வப்போது துவைப்பது நல்லது. வெள்ளாவி வைத்தவர்கள் இதை நுண்ணோக்கி இல்லாமலே செய்தார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் பலர் தவறுவது இவற்றில்தான். இயந்திரத்தைத் துவாலையால் திணிக்கக்கூடாது. கண்ணிகள் தண்ணீரில் விரிய இடம் வேண்டும். மென்னீர் உள்ள ஊரில் சலவைத் தூள் அதிகம் போட்டால் அது அலசலில் முழுவதும் போகாது. கண்ணிக்குள் தங்கி விறைக்கும். வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டு ஒரு மாதம் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஏற்கெனவே படிந்திருந்தால் கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளைக் காடி ஊற்றலாம். மீந்த காரத்தையும் தாது உப்பையும் அது கரைத்துவிடும். எப்போதாவது செய்தால் போதும். அடிக்கடி செய்வது இயந்திரத்தின் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. குளோரின் கலந்த வெளுப்பானோடு காடியை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு எழும். துவாலையை இஸ்திரி போடவும் வேண்டாம். எழுந்து நின்ற கண்ணிகளை நாமே படுக்க வைத்தது போலாகிவிடும்.

வெயில் கிடைக்காத மழைமாதங்களில் மலேசிய நகரங்களில் பலரும் நாடுவது தெருமுனைச் சுயசேவைச் சலவைக் கடையை. நாணயத்தைப் போட்டால் பெரிய உலர்த்தி சூடான காற்றில் துவாலையைப் புரட்டிப் புரட்டி உதறுகிறது. அரைமணியில் கண்ணிகள் நிமிர்ந்துவிடுகின்றன. உள்ளே ஆள் இல்லை. இயந்திரங்கள் மட்டும் சுழல்கின்றன. வாசலில் பெரிய எழுத்தில் 'டோபி' என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. மலாய் அகராதியிலும் அந்தச் சொல் சலவைத் தொழிலுக்கு உரியதாக இடம்பெற்றிருக்கிறது.